தேன் லேபிளுக்கு 23,600 ரூபாய் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள், பார்த்து இருங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே தேன், நெய், மசாலா என்று எதையாவது அடைத்து விற்கிறவர்கள் முழுதாகப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மூலனூர் பக்கம் எங்களுக்கு முருங்கைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே தேனீப் பெட்டி வைத்திருக்கிறோம். இத்தனை காலமும் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கையில் கிடைத்த பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததோடு சரி. இந்த வருஷம் பெட்டிகள் கூடிவிட்டன, தேனும் கூடிவிட்டது. கோயம்புத்தூரில் ஓர் இயற்கை அங்காடிக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் லேபிள் சரியாக இருக்க வேண்டும், எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் வேண்டும், இல்லாமல் ரேக்கில் வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுத்தான்.

அப்போது போனில் ஒரு விளம்பரம் வந்தது. சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு உணவு லைசென்ஸ், லேப் ரிப்போர்ட், லேபிள் டிசைன், பிரிண்டிங் எல்லாம் ஒரே இடத்தில் முடித்துத் தருகிறோம் என்கிற மாதிரி ஆன்லைன் சேவை. பெயரை இங்கே போடவில்லை, புகார் போயிருக்கிறது. இந்த மாதிரி நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள், ஆளைச் சொல்வதைவிட வகையைச் சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

நம்பரைக் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பையன் கூப்பிட்டான். எடுத்த எடுப்பிலேயே "ஏனுங்க்கா, மூலனூருங்களா? எங்க அப்பிச்சி ஊரு கன்னிவாடிங்க" என்றான். அப்புறம் மழை பெய்ததா, முருங்கை என்ன விலை போகிறது, பெட்டியில் எறும்பு ஏறாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டான். எறும்பைப் பற்றிக் கேட்கிறான் பாருங்கள்! பெட்டிக் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்போம் என்றால் "ஆமாங்க்கா, எங்க மாமா ஊட்லயும் அப்படித்தானுங்" என்கிறான். இப்படிப் பேசுகிற பையனை யார் சந்தேகப்படுவார்கள்?

பணத்தைப் பற்றியும் அவனாக அவசரப்படுத்தவில்லை. மொத்தம் 20,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,600, ஆக 23,600 ரூபாய் என்றான். நான் யோசித்தேன். உடனே "முழுசும் இப்ப வேண்டாமுங்க்கா, பாதி போடுங்க, சர்ட்டிபிகேட் கையில வந்தப்புறம் மீதி பாதி போட்டாப் போதும்" என்றான். என் வீட்டுக்காரர்கூட, பாதிதானே கேட்கிறான், ஏமாற்றுகிறவன் இப்படியா கேட்பான் என்றார். 11,800 போட்டோம். சொன்ன மாதிரியே வாட்ஸ்அப்பில் சர்ட்டிபிகேட் வந்தது. அரசு முத்திரை, கியூஆர் கோடு, என் பெயர், தோட்டத்து விலாசம், 14 இலக்க நம்பர், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. மீதி 11,800-ம் போட்டாயிற்று. லேப் ரிப்போர்ட்டுக்கு என்று சாம்பிள் தேன் கூரியரில் அனுப்பச் சொன்னான், அனுப்பினோம். ரிப்போர்ட் வந்தது, லேபிள் 2,000 ரோலாகச் சுற்றி வந்தது, பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது.

பாட்டிலில் ஒட்டிக் கோயம்புத்தூர் கொண்டுபோனோம். அங்காடிக்காரர் வயதானவர், நிதானமான மனிதர். ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை மேலிருந்து கீழே படித்தார். "ஏனுங்கம்மிணி, வீட்ல செய்யற சின்ன யாவாரத்துக்கு ரிஜிஸ்ட்ரேசன்தானே வரும், நம்பரு 2-ல ஆரம்பிக்கோணும், இதென்ன 1-ல ஆரம்பிக்குது? அது லைசென்ஸ் எடுத்தவங்களுக்குங்க" என்றார். அங்கேயே போனில் ஃபோஸ்காஸ் தளத்தை, அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, லைசென்ஸ் எல்லாம் நடக்கிற அரசுத் தளத்தை, திறந்து நம்பரைப் போட்டுப் பார்த்தார். வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு பேக்கரியின் பெயர் வந்தது. என் பெயரும் இல்லை, மூலனூரும் இல்லை. கடையில் நாலு பேர் பார்க்க, திருட்டு நம்பர் ஒட்டிக்கொண்டு வந்தவள் மாதிரி நின்றேன்.

அதோடு விடவில்லை மனிதர், பால்பாயிண்ட் பேனாவை எடுத்து லேபிளிலேயே சுழித்துச் சுழித்துக் காட்டினார். நிகர அளவு "சுமார் 500 மி.லி." என்று இருந்தது. தேனை எடையில்தான் சொல்ல வேண்டும், கிராம் கணக்கு. சுமார், தோராயமாக என்கிற பேச்சே நிகர அளவில் வரக்கூடாது, எடையளவு விதியில் அப்படித்தான் இருக்கிறது. கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், காலிப் பாட்டிலைக் கழித்தால் 700 கிராமுக்கு மேல் இருந்தது. தேன் தண்ணீரைவிடக் கனம் என்பது பெட்டி வைத்திருக்கிற எவருக்கும் தெரியும், லேபிள் அடிக்கிற நிபுணருக்குத் தெரியவில்லை. எம்ஆர்பி இருந்தது, ஆனால் கிராமுக்கு என்ன விலை என்பது இல்லை. அது கட்டாயம். புகார் சொல்ல போன் நம்பர் இல்லை. பேட்ச் நம்பரும் அடைத்த மாதமும் அச்சிலேயே போட்டிருந்தார்கள், 2,000 லேபிளுக்கும் ஒரே பேட்ச், ஒரே மாதம்! அடுத்த முறை எடுக்கிற தேனுக்கு இதை எப்படி ஒட்டுவது? எல்லாவற்றுக்கும் மேலே பச்சை எழுத்தில் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று ஒரு வரி. நான் எழுதித் தரவே இல்லை. நோயைக் குணப்படுத்தும் என்று உணவு லேபிளில் போடவே கூடாது, அதுவும் தேனுக்கு, அதுவும் சர்க்கரை நோய்க்கு!

வீட்டுக்கு வந்து லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஈரப்பதம், சுக்ரோஸ் எல்லாம் அழகாகப் போட்டிருந்தது. கீழே தேதி. கூரியர் ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், நான் சாம்பிள் அனுப்பியதற்கு முந்தின நாளே சோதனை முடிந்துவிட்டதாம்.

போன் பண்ணினேன். அப்பிச்சி ஊர்க்காரப் பையன் எடுக்கவே இல்லை. ஆபீஸ் நம்பரில் ஒரு பெண் எடுத்து "டிக்கெட் எழுப்பியிருக்கோம் மேடம், டீம் கூப்பிடுவாங்க" என்றாள். டீம் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டால் சர்வர் பிரச்சினை, நம்பர் அப்டேட் ஆகவில்லை, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். வேறொரு பேக்கரியின் நம்பர் ஒரு வாரத்தில் என் நம்பராக மாறிவிடுமா? அப்புறம் ஒருவர், மேனேஜராம், திருத்திய லேபிள் வேண்டுமென்றால் இன்னும் 6,000 கட்டுங்கள் என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் குரல் மாறிவிட்டது. "லேபிள்ல இருக்கற விவரத்துக்கு வாடிக்கையாளர்தான் பொறுப்புன்னு டெர்ம்ஸ்ல போட்டிருக்கே, படிக்கலையா?" என்று என்னையே மிரட்டுகிறார். இப்போது வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணியாயிற்று.

வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், பொறுப்பு என்று வந்தால் நிஜமாகவே விற்கிறவர் தலையில்தான் முதலில் விடியும். தவறான லேபிளோடு விற்றால் 3 லட்சம் வரை அபராதம் போட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதிகாரி தேடி வருவது பாட்டிலில் இருக்கிற விலாசத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்துக்கு. அங்காடிக்காரர் பார்க்காமல் ரேக்கில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் வியாபாரம் செய்கிற சிறு ஆட்களுக்கு என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் வைத்த பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். நூறு! அடைத்து விற்கிறவர்கள் எடையளவு விதிப்படி செய்ய வேண்டிய பேக்கர் பதிவுக்கு 500. இந்த இரண்டுக்கும் லேபிளுக்கும் சேர்த்து என்னிடம் வாங்கியது 23,600 ரூபாய். கிலோ என்ன விலைக்குத் தேன் விற்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும், எத்தனை பெட்டி பிழிந்தால் 23,600 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1930-ல் சைபர் புகார் பதிந்தாயிற்று, 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியிருக்கிறேன். பணம் வருமா என்று கேட்காதீர்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசும் இல்லை, நேரமும் இல்லை. ட்ரம்மில் இருக்கிற தேனை வேறு ஏதாவது வழி செய்ய வேண்டும். அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சர்ட்டிபிகேட் என்று எதை அனுப்பினாலும் அதிலிருக்கிற கியூஆர் கோடை நம்பாமல் நீங்களே ஃபோஸ்காஸ் தளத்துக்குப் போய் நம்பரை அடித்துப் பாருங்கள், உங்கள் பெயர் வராமல் மீதிப் பணம் போடாதீர்கள். பாதிதானே கேட்கிறான் என்று சமாதானம் ஆகாதீர்கள். விண்ணப்பம் தெரியவில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள். லேபிள் அடிக்கும் முன்னால் கிராம், எம்ஆர்பி, கிராம் விலை, போன் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச், தேதி இரண்டுக்கும் வெற்றிடம் விடச் சொல்லி நீங்களே சீல் அடித்துக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட்டில் தேதியைப் பாருங்கள். அப்புறம் அந்த 3,600 ரூபாய் ஜிஎஸ்டி, அவர்கள் கொடுத்த பில்லை இப்போதுதான் விரித்துப் பார்த்தேன், ஜிஎஸ்டி நம்பரே இல்லை. அதையும் பில் வாங்கும்போதே பாருங்கள்.