ஃபிரிட்ஜ், ஓவன், சிம்னி: எதற்கு எந்த பல்பு?

ஃபிரிட்ஜ் பல்பு பியூஸ் ஆகிவிட்டது என்று எலக்ட்ரிகல் கடைக்குப் போனால் இரண்டை எடுத்து முன்னால் வைப்பார்கள். ஒன்று 15 வாட் குண்டு பல்பு, இன்னொன்று ஒன்றரை வாட் எல்இடி. இரண்டுக்கும் ஒரே மரை, ஒரே ஹோல்டரில் ஏறும். "எல்இடியே போடுங்க, கரண்ட் மிச்சம்" என்பார் கடைக்காரர். பல்பு என்னவோ சரிதான், காரணம்தான் சரியில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் ஃபிரிட்ஜ் கதவு மொத்தம் 20 நிமிடம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 15 வாட் பல்பு வருடத்துக்கு இரண்டு யூனிட்கூட இழுக்காது. எல்இடி போட்டு அதில் என்ன பெரிதாக மிச்சம் பிடிக்கப் போகிறோம்? எல்இடியை நான் எடுப்பது வேறு இரண்டு காரணங்களுக்காக. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வருகிறது. கதவு சுவிட்ச் சிக்கிக்கொண்டால், மூடிய பெட்டிக்குள் அது பாட்டுக்கு எரிந்து பக்கத்திலிருக்கும் பாலைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். எல்இடியில் அந்தத் தொல்லை குறைவு, குளிரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். இரண்டாவது காரணம் வெளிச்சத்தின் நிறம். மஞ்சள் வெளிச்சத்தில் கொத்தமல்லிக் கட்டில் எந்த இலை பழுத்திருக்கிறது என்று சட்டென்று தெரியாது. வெள்ளை வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

வாங்கும்போது மரையை மட்டும் பார்த்தால் போதாது. பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் அகல மரைதான், பல்பிலேயே இ14 என்று போட்டிருக்கும். ஆனால் எல்இடியில் சில கொஞ்சம் நீளமாக இருக்கும், அப்புறம் மேல்மூடி உட்காராது. பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய் உயரத்தையும் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. படுக்கையறையில் போடும் ஜீரோ வாட் பல்பை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமான பின் டைப் என்றால் ஹோல்டரிலேயே ஏறாது. பழைய ஜீரோ வாட் பல்புகள் பேருக்குத்தான் ஜீரோ, உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுத்தவை.

ஓவனில் கதை அப்படியே தலைகீழ். அங்கே எல்இடி பேச்சே எடுக்கக் கூடாது. கேக் வேகும் 180 டிகிரியில் அதன் பிளாஸ்டிக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் தாங்காது. ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய குண்டு பல்பும் வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், சாதாரண பல்பின் அடியில் இருக்கும் ஈயப்பற்று ஏறக்குறைய 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். ஓவன் பல்பு என்று தனியாகக் கேளுங்கள், அதில் 300 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். விலை கூடத்தான். அதற்காக மலிவானதைப் போட்டால் கண்ணாடி வெடித்து பிஸ்கட் தட்டில் விழலாம்.

ஓவன் பல்பிலேயும் மரை வைத்த குண்டு பல்பு, இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஹாலஜன் என்று இரண்டு வகை. ஹோல்டர் எதுவோ அதைத்தான் போட முடியும், நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஹாலஜனை வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, கண்ணாடி அங்கேதான் பழுதாகும். துணியால் பிடித்துச் சொருகினால் போதும்.

சிம்னிக்கு எல்இடி, யோசிக்கவே வேண்டாம். சமைக்கும் நேரம் முழுக்க எரிவதால் இங்கேதான் கரண்ட் மிச்சம் என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. உங்களுடையது பழைய சிறு ஹாலஜன் வகை என்றால், அது 12 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 12 வோல்ட் பல்பை 230-இல் மாட்டினால் அந்த நொடியே போய்விடும். தையல் மெஷினுக்கும் எல்இடிதான். முகத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் எரியும் விளக்கு சூடாக இருந்தால் யாரால் உட்கார்ந்து தைக்க முடியும்?

மைக்ரோவேவ் மட்டும் இந்த ஒப்பீட்டில் சேராது. பல மாடல்களில் பல்பு வெளிக்கூட்டுக்குள் இருக்கிறது. அதே கூட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை வாங்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்தே திறக்கிற சின்ன மூடி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம். இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பல்பு எரியாவிட்டாலும் பெரும்பாலும் சாப்பாடு சூடாகும், அவசரமில்லை.

புது ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் பல்பே கிடையாது, எல்இடி பட்டைதான். அது போனால் கடையில் மரையைக் காட்டிக் கேட்க முடியாது. கதவின் உட்பக்கமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் சரியான பட்டையைச் சொல்வார்கள்.