டர்போ வண்டியும் வாரண்டியும்: எதைத் தொட்டேன், எதை விட்டு வைத்தேன்

வாரண்டி இருக்கும் வரை என்ஜினின் கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன். டயர், பிரேக், ஆயில், பெட்ரோல் இந்த நாலுக்கும் கை நடுங்காமல் செலவு செய்வேன். மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகும் என் முடிவு இதுதான். ஏன் என்பதைத்தான் கீழே நீட்டி எழுதியிருக்கிறேன். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வண்டி ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின் (டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி), 115 பிஎஸ் சக்தி, 178 நியூட்டன் மீட்டர் டார்க். வாரண்டி 4 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. வீடு அவினாசியில், வேலை கோவை பீளமேட்டில். தினசரி ஓட்டம் போக மாமனார் ஊரான பவானிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். மழை விட்டால் வால்பாறை, வெயில் ஏறினால் கோத்தகிரி. ஆக ஆறுவழிச் சாலை, ஊருக்குள் நெரிசல், மலை ஏற்றம் மூன்றையும் இந்த வண்டி பார்த்துவிட்டது.

வாங்கிய முதல் வருடத்திலேயே ரீமேப் ஆசை, அதாவது கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி என்ஜின் சக்தியைக் கூட்டும் ஆசை, வந்தது. கோவைப் பக்கம் இருந்துகொண்டு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். லேத்தும் மோட்டாருமாக வளர்ந்த ஊர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் இருந்து இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் கேம் ஷாஃப்ட் பற்றி ஆரம்பித்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரீமேப் செய்து தரும் கடைகளும் உள்ளூரிலேயே இருக்கின்றன. இந்த அளவு என்ஜினுக்கு முதல் கட்ட ரீமேப்பில் 20 முதல் 30 சதவிகிதம் வரை சக்தி கூடும் என்கிறார்கள். டர்போ என்ஜினில் இது நம்பக்கூடிய கணக்குதான். பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கொஞ்சம் ஏற்றி, அதற்குத் தக்கபடி பெட்ரோலையும் தீப்பொறி விழும் நேரத்தையும் (இக்னிஷன் டைமிங்) மாற்றினால் சாஃப்ட்வேரிலேயே வேலை முடிந்துவிடும். டர்போ இல்லாத என்ஜினில் இதே வேலைக்குக் கிடைப்பது சொற்பம்.

என் மச்சினன் இதே என்ஜின் உள்ள வண்டி வைத்திருக்கிறான். அவன் ரீமேப்புக்குப் போகவில்லை, டியூனிங் பாக்ஸ் போட்டான். “மாமா, ரெண்டே கனெக்டருங்க. சர்வீஸுக்கு விடறப்ப கழட்டி வெச்சுட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப் போகுதுங்க?” என்றான். இந்தப் பெட்டி அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்காரும். உண்மையில் இருப்பதைவிடக் குறைவான அழுத்தம் இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதை நம்பிக் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பூஸ்ட் கொடுக்கும். பொய் சொல்லி வேலை வாங்குவதுதான், வேறு வித்தை இல்லை.

அவன் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். செங்கப்பள்ளிப் பக்கம் ஆறுவழிச் சாலையில் மூன்றாவது கியரில் அழுத்தினால் வித்தியாசம் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு இரண்டு வண்டியும் ஒன்றாக ஏறியபோது பாதி மலையிலேயே அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. கருவி வைத்து அளக்கவில்லை, சீட்டில் உட்கார்ந்து உணர்ந்ததைத்தான் சொல்கிறேன். காரணம் மட்டும் தெரிந்ததுதான்: சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும், அதிகம் அமுக்கினால் அதிகம் சூடாகும். உள்ளே போகும் காற்று சூடேறினால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து என்ஜினைத் தட்டுவது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், சக்தி இறங்கும். ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் கோடையில் இது ரீமேப் செய்யாத வண்டியிலும் நடப்பதுதான். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரியதாகப் போட்டால் சரியாகுமே என்றால், எங்கள் என்ஜினில் அது காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரால் குளிர்விக்கும் வகை. முன்னால் பெரியதாக ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு முடிக்கிற வேலை இல்லை.

மலையில் இன்னொரு விஷயமும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத வண்டி அங்கே திணறும். டர்போ வண்டி திணறாததற்குக் காரணம், டர்போவின் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் குறையை ஈடு கட்டுவதுதான். அதற்குத்தான் கம்பெனிக்காரன் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறான். ரீமேப்பும் பெட்டியும் சாப்பிடுவது அதே இடத்தைத்தான். அவினாசியில் கவலையில்லாமல் ஓடுகிற டியூன் ஊட்டியில் டர்போவை எல்லைக்குத் தள்ளலாம்.

சரி, வாரண்டி விஷயத்துக்கு வருகிறேன். “கழட்டி வெச்சுட்டா யாருக்குத் தெரியும்” என்பது பாதி உண்மை. ரீமேப் என்றால் சாஃப்ட்வேரே மாறுகிறது. இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் தன் சாஃப்ட்வேருக்கு ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைத்திருக்கும். சர்வீஸ் சென்டரில் பழுது பார்க்கும் ஓபிடி கருவியை மாட்டினால் அது திரையில் வந்துவிடும். கம்பெனி எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் விஷயம் முடிந்தது. எத்தனை முறை சாஃப்ட்வேர் எழுதப்பட்டது என்ற கணக்கும் பல வண்டிகளில் உண்டு. பழைய சாஃப்ட்வேரைத் திருப்பி ஏற்றினாலும் அந்தக் கணக்கு கூடிவிடும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்று ஒரு குறியை விழ வைப்பார்கள். அது அந்த சர்வீஸ் சென்டரோடு போகாது, வண்டியின் பதிவிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு என்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தமாக எது கேட்டாலும் இழுபறிதான்.

பெட்டி அப்படித் தடம் வைக்காது. ஆனால் பூஸ்ட் எல்லை மீறினால் பி0234 என்ற பழுதுக் குறியீடு விழும். அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில், எத்தனை ஆர்பிஎம்மில், எவ்வளவு சுமையில் இருந்தது என்பதும் கூடவே பதிவாகும். பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாலும் அந்தப் பதிவு உள்ளே இருக்கும்.

பல்லடத்து நண்பர் ஒருவருக்கு இது அனுபவம். வேறு கம்பெனி டீசல் எஸ்யூவி, ரீமேப் செய்திருந்தார். டர்போ போனது. ரீமேப்பால்தான் போனதா என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டவுடன் சாஃப்ட்வேர் வேறாக இருப்பது தெரிந்தது, கிளெய்ம் நின்றது. முழுச் செலவும் அவர் கையில் இருந்துதான் போனது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு “மாத்தின பார்ட்டாலதான் பழுதுன்னு கம்பெனிதானே நிரூபிக்கணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அது 1975-இல் அங்கே வந்த மேக்னசன்-மாஸ் சட்டம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. நமக்கு இருப்பது நுகர்வோர் ஆணையம். போகலாம், ஜெயிக்கவும் செய்யலாம், அதுவரை வண்டி எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் (டவுன்பைப்) போடுபவர்கள் புகைச் சான்றிதழையும் யோசித்துக்கொள்ளட்டும். இன்ஷூரன்ஸில் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் அது தனித் தலைவலி.

இனி நான் செய்தவை. முதலில் டயர். கம்பெனி டயர் தேய்ந்ததும் அதே 205/55 ஆர்16 அளவிலேயே, லோடு இண்டெக்ஸும் ஸ்பீடு ரேட்டிங்கும் குறையாமல், பிடிமானம் கூடுதலாக உள்ள வகையை வாங்கினேன். அளவை மாற்றவில்லை என்பதால் வாரண்டி, இன்ஷூரன்ஸ், ஆர்டிஓ யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. இந்த வண்டியில் செய்த செலவிலேயே மிகப் பலன் தந்தது இதுதான். முன்சக்கரம் இழுக்கும் வண்டி ஈரச் சாலையில் இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது சக்கரம் சுழன்று வீணாக்கிய சக்தி இப்போது சாலையில் இறங்குகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுள்ள வால்பாறைச் சாலையில் இது எத்தனை குதிரைத்திறனுக்குச் சமம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். (ஒன்பதாவது வளைவில் நிறுத்துங்கள். வரையாடு சாலையோரம் நிற்கும். வேகம் காட்டும் இடமில்லை அது.)

அடுத்து பிரேக். பெரிய டிஸ்க், கேலிப்பர் எதுவும் தொடவில்லை. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுகிறேன், அவ்வளவே. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். வால்பாறையில் இருந்து பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குபவருக்கு இந்த 75 டிகிரிதான் பெடல் கெட்டியாக இருப்பதற்கும் பஞ்சு மாதிரி அமுங்குவதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது கியரில் இறங்கினால் பாதிப் பிரச்சினை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயிலில் நான் கொஞ்சம் பிடிவாதம். கம்பெனி சொன்ன தர எண் டப்பாவில் இருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. கம்பெனி 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்கிறது, நான் நடுவில் ஒரு முறை கூடுதலாக மாற்றுகிறேன். அதுவும் அவர்களிடமே, பில்லோடு. சின்ன டர்போ என்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் உயர்ந்த கியரில் மிதித்தால் நேரத்துக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் ஒரு தொல்லை உண்டு, பிஸ்டனையே உடைத்துவிடும். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியுள்ள ஆயில்கள் இதையும் மனதில் வைத்து வந்தவை. ஆயிலைவிட முக்கியம், ஏற்றத்தில் நான்காவது கியரில் உறுமிக்கொண்டு போகாமல் ஒரு கியர் இறக்குவது. அதற்குக் காசு இல்லை.

பெட்ரோல் 95 ஆக்டேன், அதாவது சாதாரணப் பெட்ரோலைவிட நாக்கிங்கை அதிகம் தாங்கும் வகை. விலையும் கூடுதல். அவினாசி ரோட்டில், அதுவும் ஜி.டி. நாயுடு மேம்பாலம் வந்த பிறகு, ஒரே சீராகப் போகும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கோடையில் நாலு பேரோடு ஏசி போட்டு மலை ஏறும்போது தெரிகிறது. எனவே மலைக்குப் போகும் வாரம் மட்டும் போடுகிறேன். 100 ஆக்டேனுக்குக் கொடுக்கிற பணத்துக்கு, ரீமேப் இல்லாத இந்த என்ஜினில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஏர் ஃபில்டரில் எண்ணெய் தடவிய பருத்தி வகையைப் பலர் சிபாரிசு செய்தார்கள். வேண்டாம் என்று விட்டேன். திருப்பூர்ப் பக்கம் மில் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசு. ஃபில்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரணக் காகித ஃபில்டரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதே மேல். மிஞ்சும் பூஸ்ட் காற்றைப் புஸ் என்று வெளியே விடும் புளோ ஆஃப் வால்வு பற்றி எழுத ஒன்றுமில்லை. சத்தம் வரும்.

கம்பெனியே தரும் அப்கிரேடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். இங்கிலாந்தில் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி காருக்கு மவுண்ட்யூன் என்ற சக்தி கூட்டும் கிட்டை ஃபோர்டு டீலரே போட்டுக் கொடுத்தார், வாரண்டியும் நீடித்தது. இங்கே எனக்குக் காட்டிய ஆக்சஸரி பட்டியலில் மட்ஃபிளாப்பும் கதவோரத் தகடும்தான் இருந்தன.

எதைப் போடுவதாக இருந்தாலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் டயர் விஷயத்துக்குக்கூடக் கேட்டேன். சர்வீஸ் அட்வைசர் நல்ல பையன், ஒளிக்காமல் சொன்னான்: “அண்ணா, வாய்ல சொன்னா நாளைக்கு நான் இங்க இருப்பேனான்னே தெரியாதுங்க. ஒரு மெயில் போட்டுருங்க, பதில் போட்டுடறேன்.” அந்தப் பதிலையும் எல்லா பில்களையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். டிராக்கில் ஓட்டும் ஆசை இருந்தால் வாரண்டிப் புத்தகத்தில் பந்தயப் பயன்பாடு பற்றிய வரியை முதலில் படித்துவிட்டு செட்டிபாளையம் போங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அப்படி ஒரு வரி இருக்கும்.

வாரண்டி அடுத்த வருடம் முடிகிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுப்பதா, ரீமேப் செய்வதா என்பது அப்போது வரும் கேள்வி. இரண்டும் சேர்ந்து வராது என்பதால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ரீமேப் என்றால் அந்தக் காசோடு கிளட்ச் காசையும் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும். 178 நியூட்டன் மீட்டருக்குப் போட்ட கிளட்ச் மேல் 200-க்கு மேல் ஏற்றினால் அது எத்தனை நாள் தாங்கும் என்று எந்தக் கடையும் எழுதித் தராது. இப்போதைக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி பக்கம்தான் சாய்கிறேன். மச்சினன் தன் பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறான். அவன் வண்டியில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருக்கிறது.