மடவை மீன் என்று சொல்லி மிருகால் கெண்டைக் குஞ்சு விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரைக்கு உயிர் மடவைக் குஞ்சு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், பணம் அனுப்பும் முன் மீனின் முதுகைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, 1500 ரூபாய் போனது. பணம் போனதைவிட, மாமா ஆசைப்பட்டு வந்த ஒரு விடியற்காலை வீணாய்ப் போனதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

மாமா என் மனைவியின் அப்பா, பரங்கிப்பேட்டைக்காரர். இளவயதில் வெள்ளாற்றில் வீச்சு வலை போட்டவர். தோள்வலி வந்த பிறகு வலையைத் தொடுவதில்லை. மாசி மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, "ஒருநாள் கொடுவாவுக்கு உக்காருவோமா மாப்ள?" என்று அவராகவே கேட்டார். எனக்கு வலை வீசத் தெரியாது. செத்த இறாலை மாட்டினால் நண்டும் கெளுத்தியும் தின்று முடித்துவிடும். கொடுவா பாலத்தூண் ஓரத்திலும் கல் இடுக்கிலும் ஒளிந்து நின்று, பக்கத்தில் வரும் இரையை வாயைத் திறந்து ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். அதற்கு உயிரோடு துடிக்கும் மடவைக் குஞ்சுதான் சரி.

ஒருவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விளம்பரம் பார்த்தேன். உயிர் மடவை, ஒன்று 25 ரூபாய், 60 எடுத்தால் வீடு தேடி வரும். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். சனிக்கிழமை ராத்திரி ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று அங்குலம் இருக்கும், வெள்ளி மாதிரிப் பளபளவென்று அழகாக இருந்தன. பையில் இருப்பது உப்புத் தண்ணியா என்று கேட்டேன். "மடவை நல்ல தண்ணியிலயும் இருக்கும்ணே" என்றார். அதில் பொய் இல்லை. மடவை கடலிலும் இருக்கும், ஆற்றில் ஏறி நல்ல தண்ணீரிலும் வளரும். அந்த உண்மையை வைத்துத்தான் என் வாயை அடைத்தார்.

ராத்திரி முழுக்கக் குஞ்சுகள் தொட்டியில் சுறுசுறுப்பாக ஓடின. காலை ஐந்தரைக்கு முட்டுக்காட்டுக் கரையில் இருந்தோம். வாளியில் பேட்டரி காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல், கழிமுகத் தண்ணீரை ஒவ்வொரு குவளையாக ஊற்றிக் கலந்தேன். வாளியில் பாதி உப்புத் தண்ணீர் ஆனதும் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. உடம்பெல்லாம் வழவழவென்று கோழை. நான்கைந்தை மூக்கில் தூண்டில் முள் மாட்டி இறக்கினோம். இறக்கிய சில நிமிடத்தில் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சாய்ந்தது. ஏழரை மணிக்கு வாளியில் பாதிக்கு மேல் வயிற்றைக் காட்டி மிதந்தன.

மாமா ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் அவ்வளவாகத் தெரியாது, விரலால் முதுகைத் தடவித்தான் பார்த்தார். "இது மடவை இல்ல மாப்ள. ரெக்கை ஒண்ணுதான் இருக்கு, பாருங்க."

அப்போதுதான் பார்த்தேன். மடவைக்கு முதுகுத் துடுப்பு இரண்டு. முன்னதில் கெட்டியான முள் நாலு இருக்கும், அப்புறம் நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் இன்னொன்று. என் கையில் இருந்ததற்கு முதுகு நடுவில் ஒரே துடுப்பு, முள்ளே இல்லாமல் மெத்தென்று. வாயோரம் உற்றுப் பார்த்தால் பொடி மீசை. மிருகால் குஞ்சு! குளத்தில் விட்டு வளர்க்கிற கெண்டை வகை. மெலிந்த வெள்ளி உடம்பு என்பதால் பழகாத கண்ணுக்கு மடவை போலவே தெரியும். பண்ணையில் வாங்கினால் ஒன்று சில ரூபாய்க்கு மேல் போகாது.

கரையிலிருந்தே போன் போட்டேன். "வழியில வெயில்ல வச்சிருப்பீங்கண்ணே" என்றார். விடியற்காலை ஐந்தரைக்கு என்ன வெயில்? துடுப்பைப் பற்றிச் சொன்னேன். "கார்த்திகையில வாங்கினவங்க எல்லாம் கொடுவா பிடிச்சாங்களே" என்றார். படம் அனுப்பினேன். அதன் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்.

கார்த்திகை என்று அவர் சொன்னது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் இறங்கும்போது முட்டுக்காட்டுத் தண்ணீரில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் மிருகால்கூடக் கொஞ்ச நேரம் தாங்கும், கொடுவாவும் அடிக்கும். வாங்கியவர்கள் நல்ல மடவை என்று நம்பி நாலு பேருக்குச் சொல்லியிருப்பார்கள். மழை நின்று, முகத்துவாரத்தில் மணல் மூடத் தொடங்கி, வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். தையிலிருந்து ஆடி வரை இந்தக் குஞ்சைக் காசு கொடுத்து வாங்குவது வீண்.

நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் பையில் இருப்பது உப்புத் தண்ணியா இல்லையா என்று தெரிந்துவிடும். உப்பு இல்லை என்பதற்காக மட்டும் மடவை இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதுகில் இரண்டு துடுப்பு இருக்கிறதா என்பதைத்தான் நம்ப வேண்டும். எந்த இடத்தில் எப்போது பிடித்தது என்று கேளுங்கள். தூண்டில் போடப் போகிற அதே தண்ணீரில் அன்றைக்குப் பிடித்த குஞ்சுதான் நல்லது. சிலர் மாற்றாக ஜிலேபி மீன் (திலாப்பியா) குஞ்சு தருவார்கள். அது உப்பைத் தாங்கும், கொடுவாவும் தின்னும். ஆனால் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த மீன் போன இடமெல்லாம் பெருகி, மற்ற மீனின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மிச்சமானதைத் தண்ணீரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்த வாரம், கரையில் வலை போடுகிற அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். முழங்கால் தண்ணீரில் ஊறவைத்த தவிட்டை ஒரு பிடி தூவி, கொஞ்ச நேரம் காத்திருந்து, வலையை ஒரே வீச்சு வீசினார். பதினைந்து இருபது குஞ்சு சிக்கின. சின்னதை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு விரல் நீளத்துக்குப் பத்துதான் கொடுத்தார். கையை நனைத்துக்கொண்டு எடுக்கச் சொன்னார், காய்ந்த கை பட்டால் மேல் கோழை போய் மீன் சீக்கிரம் செத்துவிடுமாம். வாளியில் பத்துக்கு மேல் போடாதே, தண்ணியை மாற்றிக்கொண்டே இரு, குழாய்த் தண்ணி மட்டும் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும் என்றார். 200 ரூபாய் கொடுத்தேன், தயங்கித்தான் வாங்கிக்கொண்டார். பத்தும் மதியம் வரை உயிரோடு இருந்தன. மாமா அதைப் பார்க்கவில்லை, வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டார்.

நேற்று நண்பர் ஒருவர் அந்த ஆளின் புது ஸ்டேட்டஸைக் காட்டினார். உயிர் மடவை, இப்போது ஒன்று 30 ரூபாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் ஒரு துடுப்புதான்.