வீடா, உறவினர் வீடா, முகாமா? கஜா ராத்திரி மூன்று முடிவுகள்

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முதல் சண்டை இதுதான்: இருப்பதா, கிளம்புவதா? 2018 நவம்பரில் கஜா வந்தபோது எங்கள் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். நாங்கள் தளம் போட்ட வீட்டிலேயே இருந்துவிட்டோம். நாத்தனார் பிள்ளைகளோடு பட்டுக்கோட்டையில் ஓரகத்தி வீட்டுக்குப் போனார். ஓட்டு வீட்டில் இருந்த என் தம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு பள்ளிக்கூட முகாமுக்குப் போனான். யார் செய்தது சரி என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

கடலை விட்டு உள்ளே போனால் தப்பிக்கலாம் என்பது நாத்தனாரின் கணக்கு. கடல் பொங்குமோ என்ற பயத்துக்கு அது சரிதான், காற்றுக்குச் சரிப்படாது. கரையைக் கடந்த கஜா திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று புரட்டிக்கொண்டே திண்டுக்கல் வரை போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்தன. எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போகிறோம் என்று பார்த்தால் போதாது. அந்த ஊர் புயல் போகும் பாதையில் இருக்கிறதா, அந்த வீட்டுக் கூரை எப்படி என்று விசாரிக்க வேண்டும். போவதென்றால் முந்தைய நாள் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு காற்றில் பைக் ஓட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். நாத்தனார் பத்திரமாகத்தான் இருந்தார். ஆனால் ரோடெல்லாம் மரம், போனும் செத்துவிட்டது. ஐந்து நாள் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இங்கே மாமியார் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. பிள்ளைகளை அங்கே சுவரோரம் படுக்க வைத்தோம். கண்ணாடி உடைந்தால் நடக்க வேண்டுமே என்று தலைமாட்டிலேயே செருப்பு. கேஸை மூடி, மெயினை அணைத்தாயிற்று. நள்ளிரவு 12.30-க்கு மேல் புயல் கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்று, ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றது. கொசு சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கணவர் டார்ச்சோடு எழுந்தார். மாமியார் 1952 புயலைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர். "காத்து திரும்பி வரும் தம்பி, கதவத் தொறக்காதே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். புயலின் கண் தலைக்கு மேலே கடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடித்த காற்றில் கொல்லைப்புறச் சாய்ப்பின் ஷீட் மொத்தமும் பறந்தது. அவர் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

ராத்திரி வீடு காப்பாற்றியது, சரி. அடுத்த மூன்று வாரம் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, பால் வராது. அடிபம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிள்ளைகளுக்கு அளந்து கொடுத்தேன். சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கைவசம் இருந்த நான்கு ஓஆர்எஸ் பாக்கெட்டுதான் துணை. வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் திட்டம் போட்டால் போதாது.

முகாம் என்றாலே எங்கள் தெருவில் முகம் சுளிப்பார்கள். தம்பி குடும்பம் அங்கே போனதால்தான் பிழைத்தது. அவன் வீட்டு ஓடும் ஒரு மரச் சட்டமும், தூளி கட்டியிருந்த இடத்திலேயே விழுந்து கிடந்தன. புயலுக்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குப் போயிருந்தார்கள். இல்லாவிட்டால் சாவு இன்னும் கூடியிருக்கும். குறை இல்லாமல் இல்லை. கழிவறைக்கு நீண்ட வரிசை. ஒரு பிள்ளை இருமினால் மறுநாள் பத்துப் பிள்ளைகள் இருமின. பால் கொடுக்கும் தாய்க்கு மறைவிடம் வேண்டுமென்றால் புடவையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தம்பி பெண்டாட்டி கெட்டிக்காரி. பிள்ளைகளின் கையில் பேனாவால் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டாள். பாய், மூடி போட்ட வாளி, காய்ச்சல் மருந்து எல்லாம் எடுத்துப் போயிருந்தாள். சமைத்த சாப்பாடும் மருத்துவக் குழுவும் எங்களுக்கு முன்பே அவர்களுக்குக் கிடைத்தன.

இதையே சென்னைக்குச் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்களைப் படுத்தியது வெள்ளம். தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தளம் போட்ட கூரை இருந்து என்ன பயன்? தண்ணீர் ஏறுமுன் மாடி வீட்டுக்காரரிடம் பேசி வைப்பதுதான் அங்கே முகாம். பால் தட்டுப்பாடும் கூடவே வந்ததால், கைக்குழந்தை இருந்தால் பால் பவுடரையும் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும்.

ஆக, என் முடிவு இப்படி. கீற்று, ஓடு, ஷீட் கூரை என்றால் முகாம்தான், பேச்சே வேண்டாம். தளம் போட்ட மேட்டு வீடு, பத்து நாளுக்குத் தண்ணீருக்கு வழி உண்டு என்றால் இருக்கலாம். ஆனால் அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் கிளம்பிவிட வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியோ பச்சைக் குழந்தையோ இருந்தால், இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற உறவினர் வீடு. எந்த முகாம் என்று தெரியாவிட்டால் 1077-க்குப் போன் செய்து கேட்கலாம்.

தம்பி இப்போது தளம் போட்டுவிட்டான். ஆனாலும் ரேடியோவில் புயல் என்று சொன்னால் அவன் மகள் பையை எடுத்துவிடுகிறாள். அந்த ராத்திரி முகாமில் கிடைத்த அத்தனை சிநேகிதிகள் வீட்டில் கிடைப்பார்களா என்ன?