பழைய ஐகான், லேன்சர், சிட்டி விடெக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்: ₹1,65,000 போனது, இன்ஜினும் போனது

இன்று காலையில்தான் விஷயம் உறுதியானது. கை நடுங்குகிறது, இருந்தாலும் உடனே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 1,65,000 ரூபாய் கொடுத்து இன்ஜின் வேலைக்கு விட்ட என்னுடைய 2001 ஃபோர்டு ஐகான் 1.6 (1.6 லிட்டர் இன்ஜின்), வேறு யாருடைய இன்ஜினோடோ திரும்பி வந்திருக்கிறது. என் இன்ஜின் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. பணத்தைக் கேட்டால் போனையே எடுப்பதில்லை.

புகார் கொடுக்கப்போவதால் கடைப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: சென்னைப் புறநகரில், பழைய கார்களை ஷோரூமிலிருந்து வந்த மாதிரி மாற்றித் தருகிறோம் என்று வீடியோ போட்டு ஆள் சேர்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப். இந்த வண்டிகள் மேல் உயிரை வைத்திருக்கிறவர்களுக்கு இது போதும், புரிந்துகொள்வீர்கள்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "இருபத்தைந்து வருட காருக்கு எதற்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு" என்று கேட்பவர்கள் வருவார்கள். 1999 கடைசியில் ஐகான் வந்தபோது அந்த விலையில் ஓட்டுவதற்கு அப்படி ஒரு செடான் இல்லை. அதற்கு முன் மஹிந்திராவோடு சேர்ந்து ஃபோர்டு கொண்டுவந்த எஸ்கார்ட் நிதானமான குடும்ப வண்டி. ஐகான் வேறு ஜாதி. ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் இந்தியாவுக்கென்றே செய்த செடான், நம் மறைமலை நகர் தொழிற்சாலையில் உருவானது. "ஜோஷ் மெஷின்" என்று விளம்பரம் செய்தார்கள், 1.6-ஐப் பொறுத்தவரை அது வெறும் விளம்பரம் இல்லை. 1597 சிசி ரோகேம் இன்ஜின், எட்டே வால்வு, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். காகிதத்தில் பி.எச்.பி. 90-ஐச் சற்றுத்தான் தாண்டும். ஆனால் இரண்டாம் கியரில் லேசாக மிதித்தாலே முதுகு சீட்டோடு ஒட்டும். ஸ்டீயரிங் கையில் சாலையைச் சொல்லும். இன்றைய எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டிகளில் அந்த உணர்வு எனக்குக் கிடைக்கவே இல்லை.

போட்டிக்கு யார் யார் இருந்தார்கள் பாருங்கள். ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 106 பி.எச்.பி., மீட்டர் ஊசி மேலே ஏற ஏறத்தான் அதன் சத்தமும் வேகமும் மாறும். நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த மிட்சுபிஷி லேன்சர், வளைவுகளில் அதன் நிதானத்துக்கு ஈடில்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் அக்சென்ட். பெட்ரோலை இஷ்டத்துக்குக் குடித்தாலும் நெடுஞ்சாலையில் கல் மாதிரி நிற்கும் ஓப்பல் ஆஸ்ட்ரா. இவற்றில் எது பெரிது என்று கல்லூரி கேன்டீனில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் ஓட்டு அன்றும் இன்றும் ஐகானுக்குத்தான். விடெக் உச்சத்தில் ஓடும்போது ஐகானை விட்டு விலகிப் போகும், மறுக்கவில்லை. திருச்சி டவுனுக்குள்ளும் அன்றைய இரண்டு வழி ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியை ஓவர்டேக் எடுக்கும்போதும் நமக்குத் தேவைப்பட்டது கீழ் வேகத்தில் கிடைக்கும் அந்த இழுவைதான்.

அப்பா கடன் போட்டு வாங்கிய வண்டி. டி.என். 45 பதிவு. சென்னைக்குப் போகும்போதெல்லாம் மறைமலை நகர் வந்ததும் "இங்கதான்டா இது பொறந்துச்சு" என்று காட்டுவார். அப்பா இப்போது இல்லை. வண்டி இருந்தது.

போன வருடம் சித்திரை வெயிலில் சூடு ஏறிவிட்டது. ரோகேம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங் வயதானால் விரிசல் விடும், கூலன்ட் ஒழுகும். கவனிப்பதற்குள் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு, போய்விட்டது. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் கைராசிக்காரர். ஆனால் அவரே, "தம்பி, இதுக்கு ரிங், வால்வு கைடு, செயின் செட் எல்லாம் சேர்த்து மாத்தினாத்தான் நிக்கும். ஸ்பேர் எனக்குக் கிடைக்கிறது கஷ்டம், மெட்ராஸ்ல பாருங்க" என்றார். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் மறைமலை நகரில் கடைசி வண்டியும் வெளியே வந்துவிட்டது. ஐகான் நின்றதோ அதற்கும் வெகு முன்னால். சர்வீஸ் தொடரும் என்று சொன்னார்கள், புதிய மாடல்களுக்கு ஸ்பேர் வருகிறது. இவ்வளவு பழைய ஐகானுக்கு உள்பாகங்கள் தேடுவது தனி வேலை. இந்தத் தட்டுப்பாட்டில்தான் இவர்கள் மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு முதல்முறை நேரில் போனதை மறக்க முடியாது. ஷெட்டுக்குள் ஒரு சிட்டி விடெக், பானட் கழற்றிய ஒரு ஆஸ்ட்ரா, ஓரமாக ஒரு வெள்ளை லேன்சர். பார்த்ததுமே, சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். வண்டியைச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி குழியில் துரு இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தார். கதவுக் கீழ் விளிம்பைத் தடவினார். "ப்ரோ, ஒரிஜினல் 1.6. இந்த வண்டியெல்லாம் இப்ப எங்க இருக்கு? எல்லாத்தையும் உடைச்சு புதுப்பேட்டையில போட்டுட்டாங்க" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "காலையில முதல் ஸ்டார்ட்ல ரெண்டு செகண்ட் செயின் சத்தம் வருமா?" வரும் என்றேன். "அது செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ப்ரோ. அதை மாத்தாம இன்ஜின் கட்டினா வேஸ்ட்." அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் அவரை முழுதாக நம்பினேன். இந்த வண்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்த, இவ்வளவு ஆசையாகப் பேசுகிற ஒருவன் அதற்குத் துரோகம் செய்வான் என்று எப்படி நினைப்பது? சிட்டியா ஐகானா என்று அரை மணி நேரம் டீ குடித்துக்கொண்டே பேசினோம். எங்கப்பாவின் வண்டி என்றதும், "அப்போ நம்ம வீட்டு வண்டி மாதிரி பார்த்துக்கறேன்" என்று தோளைத் தட்டினார். அந்தக் கையை இப்போது நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

அட்வான்ஸ் 50,000. ஸ்பேருக்கு 75,000. லேத் வேலை, பெயின்ட் டச்சப் என்று 40,000. மொத்தம் 1,65,000 ரூபாய். எல்லாம் யு.பி.ஐ.யில், அவர் சொன்ன வெவ்வேறு எண்களுக்கு. பில் கேட்டேன். "பில் போட்டா வரி சேரும் ப்ரோ, வேலை முடியட்டும், மொத்தமா ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்றார். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. ஆடியில் கேட்டால், கேஸ்கெட் செட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஆயுத பூஜைக்கு வண்டி வெளியே வந்துவிடும், பூஜை போட்டே எடுத்துக்கொண்டு போகலாம். ஆயுத பூஜைக்குக் கேட்டால், லேத்தில் போட்ட ஹெட்டின் பரப்பு சரியாகச் சமமாகவில்லை, திரும்பக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்புறம் மழை, ஷெட்டில் தண்ணீர். நடுவில் போட்டோ கேட்டால் ஏதோ ஒரு பிஸ்டனின் படம் வரும், அது எந்த வண்டியின் பிஸ்டன் என்று யாருக்குத் தெரியும்? திருச்சியிலிருந்து பஸ் ஏறி நேரில் போனால் "ஓனர் வெளியில போயிருக்கார் சார்." என் வண்டி பானட் மூடி, தூசி படிந்து நின்றது. திறந்து காட்டச் சொன்னால் சாவி ஓனரிடம் இருக்கிறதாம். அதே வாரம் அவர் வீடியோ போடும் பக்கத்தில் புது வீடியோ வருகிறது, வேறு ஒரு வண்டி பளபளவென்று. அதற்குக் கீழே நான் போட்ட கருத்து கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது.

பொங்கல் கழித்து, போலீசுக்குப் போவேன் என்று சொன்ன பிறகு வண்டி வந்தது. ஓட்டிய முதல் சிக்னலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இரண்டாம் கியரில் அந்த இழுவை இல்லை. "புது ரிங் ப்ரோ, ஆயிரம் கிலோமீட்டர் ரன்னிங்-இன் ஆகட்டும், எல்லாம் திறந்துக்கும்" என்றார் போனில். ஆயிரம் தாண்டியது, எதுவும் திறக்கவில்லை. 2001 வண்டி என்பதால் இந்த வருடம் மறுபடியும் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருடத்தில் ஒரு தடவை, அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்பது தெரிந்திருக்கும். அதற்கு முன் ஒருமுறை எல்லாம் பார்த்துவிடலாம் என்று இன்று காலை எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து இறங்கியவர், "தம்பி, இது 1.3" என்றார். என் 1.6 இருந்த இடத்தில் அதைவிடச் சின்ன இன்ஜின்.

நான் நம்பவில்லை. இன்ஜின் பிளாக்கில் இருந்த அழுக்கைத் துடைத்து, அதில் பொறித்த எண்ணைப் படித்தோம். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் வந்த ஐகான்களில் 1.3-க்கும் ரோகேம் இன்ஜினையே வைத்தார்கள், மேலே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். என் 1.6-ஐக் கழற்றி எவனுக்கோ நல்ல விலைக்கு விற்றுவிட்டு, எங்கேயோ உடைத்த வண்டியின் 1.3-ஐ இதில் மாட்டி, அதற்கு என்னிடமே 1,65,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இப்போது இந்த எண்ணோடு ஆய்வுக்குப் போனால் ஆர்.சி. புதுப்பிக்க மாட்டார்கள். அந்த 1.3 எந்த வண்டியிலிருந்து வந்தது, திருட்டு வண்டியா, வழக்கில் சிக்கிய வண்டியா, எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவின் வண்டி ரோட்டில் ஓடவே முடியாத நிலைக்கு வந்துவிட்டது.

போன் செய்தேன். முதலில் "அப்படி இருக்க வாய்ப்பே இல்லை சார்." எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். "நீங்க கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்." ஐந்து வருடம் முன்னால் இதே எண் சரிபார்த்துத்தான் ஆர்.சி. புதுப்பித்தார்கள் என்றேன். லைன் கட். அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அந்த ஷெட்டில் பார்த்த வெள்ளை லேன்சர் ஞாபகம் இருக்கிறதா? அதன் சொந்தக்காரரைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். அவர் என்னைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார். வண்டியையே கண்ணில் காட்டவில்லையாம். நான் நம்பியது அந்த வண்டிகளைப் பார்த்துத்தான். அவை அங்கே நின்றதே இதனால்தான் என்று இப்போது தெரிகிறது. லேன்சரைப் பார்த்து ஐகான்காரன் வருவான், ஐகானைப் பார்த்து இன்னொருவன் வருவான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும். வண்டியைக் கொடுக்கும் முன் இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் படம் எடுத்து, அதைக் குறிப்பிட்ட ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டில்) கடைக்காரர் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது பணத்துக்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம், தனிநபர் எண்ணுக்கு அனுப்பவே வேண்டாம். ஷெட்டில் நிற்கும் மற்ற வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் நீங்களே பேசுங்கள். மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நான் திருச்சியில் போடப்போகிறேன். இன்ஜின் திருட்டுக்குப் போலீஸ் புகார் தனி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடந்த ஒரு வருடத்துக்குள் யாராவது ஐகானுக்கு 1.6 ரோகேம் இன்ஜின் பழையதாக வாங்கிப் போட்டிருந்தால், பிளாக்கில் இருக்கும் எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் மேல் எந்தக் குற்றமும் சொல்ல மாட்டேன், உங்களையும் அவர் ஏமாற்றித்தான் விற்றிருப்பார். ஆர்.சி. நகலை அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.