நெருக்கடியில் செல்வந்தர் பணம்: நன்கொடையா, ஒருமுறை வரியா?

போரோ பெருந்தொற்றோ நாட்டைப் புரட்டிப் போடும்போது, பணக்காரர்கள் தாமாக முன்வந்து கொடுக்க வேண்டாமா என்ற பேச்சு கிளம்பும். கொடுக்கட்டும், யார் தடுத்தது? அந்தப் பணத்தை நம்பி அரசு கணக்குப் போடலாமா என்பதுதான் கேள்வி. போடக் கூடாது என்பேன். என் சாய்வு ஒருமுறை வரியின் பக்கம், அதாவது செல்வந்தரின் சொத்துமீது ஒரே ஒரு தடவை விதிக்கும் வரியின் பக்கம்.

நன்கொடையின் பலம் வேகம். சட்டம் வேண்டாம், சொத்து மதிப்பீடு வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் கூடாரமும் மருந்தும் வாங்க அதைவிடத் தோதான பணம் இல்லை.

அதன் பிறகுதான் சிக்கல். மேடையில் அறிவித்த தொகையில் ஒரு பகுதி பொருளாக வரும், ஒரு பகுதி பல வருடம் இழுக்கும், ஒரு பகுதி கொடுப்பவரின் சொந்த அறக்கட்டளைக்கே போய்ச் சேரும். நன்கொடை முழுவதையும் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றால், 30 சதவீத வரி கட்டுபவர் 100 ரூபாய் கொடுக்கும்போது அவர் கையைக் கடிப்பது 70தான். மீதி 30 கஜானாவுக்கு வராமல் போகும் வரி. ஆனால் நூறும் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்பவர் அவர்.

முதல் உலகப் போருக்குப் பின், 1919இல் பிரிட்டனின் கடன் 700 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அரசில் நிதிப் பொறுப்பிலிருந்த ஸ்டான்லி பால்ட்வின், தன் சொத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு, சுமார் 1,20,000 பவுண்டுக்கு, அரசின் போர்க்கடன் பத்திரம் வாங்கி, திருப்பித் தர வேண்டாம் என்று அதை ரத்து செய்யக் கொடுத்துவிட்டார். பெயர் போடாமல், ‘எஃப்.எஸ்.டி.’ என்று தன் பதவியின் சுருக்கத்தை மட்டும் கையெழுத்திட்டு ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதி, மற்ற செல்வந்தர்களையும் அழைத்தார். பின்னால் வந்தவர்கள் மிகச் சிலர். இதில் கஞ்சத்தனத்தைவிடக் கணக்குதான் பெரிது: நாட்டின் கடன் குறைந்தால் கொடுக்காதவருக்கும் அதே நன்மை, கொடுத்தவருக்கு மட்டும் சொத்து குறையும். (ஹைதராபாத் நிஜாம் 1965இல் தங்கத்தை அள்ளிக் கொடுத்தார் என்கிறோமே, அந்த 425 கிலோவும் 6.5 சதவீத வட்டிக்குத் தங்கப் பத்திரத்தில் போட்ட முதலீடு, நன்கொடை அல்ல.)

வரியைப் பார்ப்போம். செல்வந்தரின் சொத்து பெரும்பாலும் பங்கு, நிலம், ஆலை. நெருக்கடியில் அவற்றின் விலை விழுந்து கிடக்கும். ஒரே மூச்சில் கட்டச் சொன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க, விலை இன்னும் சரியும். அதனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் தவணை. இரண்டாம் உலகப் போரில் சொத்து தப்பியவர்கள்மீது, இழந்தவர்களுக்காக, மேற்கு ஜெர்மனி 1952இல் ஒரு வரி போட்டது. அளவு நிகர சொத்தில் பாதி. கேட்டால் தலை சுற்றும். ஆனால் கட்ட 30 வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. காலக்கணக்கு 1949இலிருந்தே தொடங்கியதால் கடைசித் தவணை 1979இல். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் வருடத்துக்குச் சொத்தில் 1.7 சதவீதம்கூட வராது. ஆலையை விற்காமல் ஆலை வருமானத்திலேயே கட்டலாம். அரசுக்கும் அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று தெரியும். அதை வைத்து வீடு கட்ட ஒப்பந்தம் போடலாம். நன்கொடையை வைத்து அது முடியாது.

இன்னொரு நுணுக்கம், மதிப்பீட்டுத் தேதி. அந்த ஜெர்மன் சட்டம் கணக்கிட்டது 1948 ஜூன் 21 அன்று இருந்த சொத்தை. தேதி கடந்ததாக இருந்தால், அறிவிப்புக்குப் பிறகு உறவினர் பேருக்கு மாற்றினாலும் பயனில்லை. வருங்காலத் தேதி வைத்தால் அதற்குள் சொத்து நாடு கடந்துவிடும். அர்ஜென்டினா 2020இல் 20 கோடி பெசோவுக்கு மேல் வைத்திருந்தவர்கள்மீது ஒருமுறை வரி போட்டபோது, உள்நாட்டுச் சொத்துக்கு அதிகபட்சம் 3.5 சதவீதம், வெளிநாட்டுச் சொத்துக்கு 5.25 வரை என்று பிரித்தது; நாடு கடந்த சொத்தையும் அது விடவில்லை.

பங்குச் சந்தையில் பட்டியலிடாத நிறுவனப் பங்குக்கு விலை வைப்பதில் வழக்கு நீளும், அதை மறைப்பதற்கில்லை. நிலப் பதிவேடும் வரித்துறையும் பலவீனமான நாட்டில் இந்த வாதம் எடுபடாது. அங்கே வருகிற நன்கொடையை வாங்கிக்கொள்வதே மேல். வரி போட முடிந்த இடத்தில், முன்பே கொடுத்த நன்கொடையை வரியில் கழிக்க விடலாம். ஆனால் பணம் நிவாரணக் கணக்கில் ஏறிய ரசீது இருந்தால் மட்டும், முதல் ஆண்டுத் தவணையின் அளவுக்கு மட்டும்.