மைலேஜ் விதியா, புகை விதியா? மலையில் மூச்சுக்கு எது உதவும்

குன்னூரில் எங்கள் வீடு மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு மேலே, ஒரு வளைவைப் பார்த்தபடி இருக்கிறது. மே மாதத்தில் ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துவிடும். விரலில் தேய்த்தால் பிசுக்கோடு ஒட்டும். ஆகஸ்டில் அதே கம்பியைத் துடைத்தால் வெறும் தூசிதான் வரும். அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு. சீசன் தொடங்கிவிட்டால் அந்த ஜன்னலைச் சாத்திவிடுவோம். பஃப் தலைமாட்டிலேயே இருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். 2012-ல் வாங்கிய டீசல் வண்டி, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. "புது வண்டிக்கெல்லாம் இவ்வளவு மைலேஜ் வரணும்னு ரூலே இருக்குதாமே தம்பி. மைலேஜ் கூடுனா புகை குறையும்தானுங்களே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சட்டென்று வரவில்லை. பாதிதான் ஆமாம். மீதிப் பாதியில்தான் அம்மாவின் நெஞ்சு இருக்கிறது. அதனால்தான் இருக்கிற வழிகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

மைலேஜ் விதியும் புகை விதியும் ஒரே வயிற்றில் பிறந்தவை இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஊர்கள் புகைமூட்டத்தில் திணறியதன் பின்னணியில் 1970-ல் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. மைலேஜ் சட்டம் வந்தது 1975-ல். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டதே, அந்தப் பயம் பெற்ற பிள்ளை அது. ஒன்று மூச்சைப் பற்றிய கவலை, இன்னொன்று எண்ணெயைப் பற்றிய கவலை.

நம் நாட்டிலும் இரண்டும் தனித்தனிப் பாதைதான். மைலேஜ் விதி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 'கஃபே' என்று சொல்கிறார்களே, அதுதான். ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் விற்கும் கார்கள் எல்லாவற்றின் சராசரியைப் பார்ப்பார்கள். முதல் கட்டத்தில் கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 2022-லிருந்து 113 கிராம். பெட்ரோல் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தரை லிட்டரில் இருந்து 4.77 லிட்டருக்கு இறங்குகிறது. கம்பெனி விற்கும் வண்டிகளின் எடையைப் பொறுத்து இந்த அளவு கொஞ்சம் ஏறி இறங்கும். டூவீலருக்கு இந்த விதி கிடையாது.

புகை விதி என்றால் பாரத் ஸ்டேஜ், சுருக்கமாக பி.எஸ். 2017-ல் நாடு முழுக்க பி.எஸ்.4, பிறகு ஐந்தைத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. டீசல் காரின் கரித்துகள் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமில் இருந்து 4.5-க்கு இறங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு 250-லிருந்து 80. எரிபொருளில் உள்ள கந்தகத்தையும் 50 பி.பி.எம்-மில் இருந்து 10-க்குக் குறைத்தார்கள். கந்தகம் குறையாமல் புகை வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யாது என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். புகை விதியின் வரம்பு கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது, லிட்டருக்கு இத்தனை என்று இல்லை. லிட்டருக்கு 25 ஓடும் கார், 12 ஓடும் கார், இரண்டுக்கும் ஒரே வரம்பு. ஆக மைலேஜ் இரட்டிப்பானதால் மட்டுமே சைலன்சரில் வரும் விஷம் பாதியாகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மைலேஜ் விதி எண்ணும் கார்பன் டை ஆக்சைடு பூமியைச் சூடாக்குகிறது, அது பெரிய கேடுதான். ஆனால் ரோட்டோர வீட்டில் இழுப்பைக் கிளப்புவது கரித்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

அண்ணனின் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2012-ல் நம் பக்கம் பதிவான டீசல் கார் என்றால் பி.எஸ்.3. அதற்கு அனுமதித்த கரித்துகள் கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம், நைட்ரஜன் ஆக்சைடு 500. சமவெளியில் லிட்டருக்கு 18 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம் கார்பன் டை ஆக்சைடு. அதன் பின்னால் புத்தம்புது பெட்ரோல் எஸ்.யூ.வி. ஒன்று வருகிறது, லிட்டருக்கு 11 தான். கார்பன் 210 கிராம். மைலேஜ் கணக்கில் அண்ணன் வண்டி தாராளமாக ஜெயிக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடோ, பி.எஸ்.6 பெட்ரோல் வண்டிக்கு 60 மில்லிகிராம்தான் வரம்பு. பழைய டீசலில் எட்டில் ஒரு பங்கு. எங்கள் ஜன்னலுக்குக் கீழே எது நின்று உறுமினால் தேவலை என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் அந்த எஸ்.யூ.வி. தான்.

ஐரோப்பா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. கார்பன் குறையும், மைலேஜ் கிடைக்கும் என்று வருடக்கணக்காக டீசல் காரை வளர்த்துவிட்டார்கள். 2015-ல் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் வெடித்தது. சோதனைக் கூடத்தில் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக் காட்டி, ரோட்டில் கொட்டும்படி மென்பொருள் வைத்திருந்தார்கள். ரோட்டில் ஓட்டியே அளக்கும் முறை நம் நாட்டுக்கு 2023 ஏப்ரலில் வந்தது.

மைலேஜ் விதியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். மலைக்கு எரிபொருள் எல்லாம் டேங்கர் லாரியில்தான் ஏறி வருகிறது. குறைந்த பெட்ரோல் என்றால் காட்டேரி வளைவுகளில் குறைந்த டேங்கர். சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலி மக்களுக்கும் அது நல்லது. அதோடு இந்த விதியில் ஒரு சங்கதி உண்டு: கம்பெனி விற்கும் ஒரு மின்சாரக் காரை சராசரியில் மூன்று காராக எண்ணிக்கொள்ளலாம். ரோட்டில் மின்வண்டி பெருகுவதற்கு அது ஒரு உந்துதல்.

சரி, இப்போது மலைக்கு வருவோம். மைலேஜ் அளப்பது சோதனைக் கூடத்து உருளையின் மேல். அங்கே ஏற்றம் கிடையாது. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240. நாலு பேரும் பெட்டியும் சேர்த்து 1,300 கிலோ உள்ள காரை 1,900 மீட்டர் தூக்க வேண்டும். நம் வீட்டு கரண்ட் கணக்கில் அது ஏறக்குறைய 6.7 யூனிட் வேலை. ஒரு லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட் சத்து இருந்தாலும் இன்ஜின் அதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆக, தூக்குவதற்கு மட்டும் மூன்று லிட்டர். ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதற்கு இன்னொரு மூன்று. லிட்டருக்கு 18 என்று விளம்பரம் செய்த வண்டி ஏற்றத்தில் எட்டு, ஒன்பதுதான் தரும். அண்ணனிடம் சொன்னபோது, "இதைத்தான் நான் இருபது வருசமாச் சொல்றேன், சீசன் டிராபிக்ல எட்டுகூட வராதுங்க" என்றார். இறங்கும்போது எரிபொருள் அவ்வளவாகச் செலவாகாமல் கொஞ்சம் சரிக்கட்டும். ஆனால் கூடுதலாக எரிந்த மூன்று லிட்டரின் புகை இறங்கி மேட்டுப்பாளையம் போவதில்லை. பர்லியார் தொடங்கி குன்னூர் வரை, ஏறுகிற ரோட்டோரத்து வீடுகளுக்குள்தான் போகிறது.

ஊட்டி கிண்ணம் போலக் குழிந்த ஊர் வேறு. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் அதை அமுக்கும். காலையில் கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகள் கிளம்பும்போது விடும் புகை வெயில் ஏறும்வரை கலையாமல் நிற்பதை மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

இறக்கத்தில் வேறொரு சங்கடம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த வண்டியின் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? பிரேக் கருகிய நெடி தொண்டையைப் பிடிக்கும். அதுவும் நுண்துகள்தான். மைலேஜ் விதி அதை எண்ணுவதில்லை, பி.எஸ்.6-ம் எண்ணுவதில்லை. ஐரோப்பாவில் 2024-ல் நிறைவேறிய யூரோ 7 விதிதான் பிரேக் தூளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது.

ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றையும் இதோடு வைத்துப் பார்த்தேன். நிற்கும் வண்டியில்தான் அளக்கிறார்கள். டீசலுக்குப் புகையின் கறுப்பைப் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதே இல்லை. இருக்கட்டும், ஆனால் இதை நம்பி ஜன்னலைத் திறக்க முடியாது.

அப்புறம் இ-பாஸ், வெளியூர் வண்டி மலை ஏற ஆன்லைனில் வாங்கும் அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000-மும் 6,000-மும். வேகமாகப் பலன் தரக்கூடியது இதுதான். கம்பெனிக்காரன் புது மாடல் கொண்டுவந்து, பழசெல்லாம் காயலான் கடைக்குப் போகப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் ரோட்டில் பெருமாள்மலையிலிருந்து மூஞ்சிக்கல் வரை நகராமல் நிற்கும் வண்டிக்கு மைலேஜ் சைபர்தானே. வரிசை குறைந்தால் அந்தப் புகையும் குறையும். என் குறை ஒன்றுதான். இந்த வரம்பு வண்டியை எண்ணுகிறது, புகையை எண்ணுவதில்லை. பழைய டீசல் வேனும் ஒன்று, புது பெட்ரோல் காரும் ஒன்று. ஒவ்வொரு வண்டியும் எந்த பி.எஸ். என்பது பதிவிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துப் பழைய டீசலுக்குக் குறைவாகவும் மற்றதற்குக் கூடுதலாகவும் பாஸ் கொடுக்கலாம். எங்களைப் போன்ற உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு இருப்பதையும் ஒருநாள் பேசித்தான் ஆக வேண்டும். மலையில் ஓடும் பழைய டீசலில் எங்களுடையதும் உண்டு.

பஸ்ஸை இதற்கு நேரே நிறுத்திப் பாருங்கள். மலையில் லிட்டருக்கு மூன்றரை ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 15 லிட்டர் டீசல், 45 பேர். ஆளுக்கு மூன்றில் ஒரு லிட்டர். காரில் நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். தலைக்கணக்கில் பஸ்ஸின் மைலேஜை எந்தக் காராலும் தொட முடியாது. ஆனால் எந்த பஸ் என்பது முக்கியம். பெரிய டீசல் இன்ஜினுக்கு பி.எஸ்.4-ல் அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடு, இன்ஜின் செய்யும் ஒரு யூனிட் வேலைக்கு 3.5 கிராம். பி.எஸ்.6-ல் 0.4. கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு. மலை ரூட்டுக்குப் புது பஸ்ஸை முதலில் அனுப்புங்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

மின்வண்டிக்கு மலை கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. ஏறும்போது 13 யூனிட் போல இழுக்கும், உண்மை. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகி, தூக்கிய வேலையில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பித் தரும். பிரேக் கட்டை தேய்வது குறைகிறது, கருகிய நெடியும் குறைகிறது. ஹைபிரிட் வண்டிகளின் சின்ன பேட்டரி சில கிலோமீட்டர் இறக்கத்திலேயே நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவதைச் சேர்க்க இடமில்லை. ஊட்டியில் போக்குவரத்து நின்றாலும் மின்வண்டி சைலன்சர் புகை விடாது. ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பைக்காராவில் 1932-லிருந்து தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறோம், குந்தாவிலும் எடுக்கிறோம், என்றாலும் கம்பியில் வருவது நிலக்கரியும் கலந்ததுதான். குன்னூர் ஜன்னல் சுத்தமாவதற்கு எண்ணூர் ஜன்னல் கறுக்கக் கூடாது. அனல் மின் நிலையப் புகைபோக்கிக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

அம்மாவின் மூச்சை முன்னால் வைத்து நான் போடும் வரிசை இது: பழைய டீசலை மலையிலிருந்து இறக்குவதும் பி.எஸ்.6 பஸ்ஸும் முதலில், புகையைப் பார்த்துக் கொடுக்கும் இ-பாஸ் அதன் பக்கத்தில், மின்வண்டி அதற்கடுத்து, மைலேஜ் விதி கடைசியில். கடைசி என்றால் வேண்டாம் என்று இல்லை, மெதுவாக வரும் என்று.

அண்ணனுக்கு இரண்டு வழி சொன்னேன். பி.எஸ்.6 டீசல் வாங்கினால் கரி வடிகட்டி இருக்கும். உள்ளூருக்குள் குட்டிக் குட்டி சவாரியாகவே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது கோயம்புத்தூர் பக்கம் சீரான வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும், அப்போதுதான் உள்ளே சேர்ந்த கரி எரியும். மின்வண்டி என்றால், ஊட்டியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடம் வேண்டும். எண்பதில் நிறுத்திவிட்டு இறங்கலாம். அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். "ஏழு பேரு, மேல கேரியர்ல லக்கேஜு, மழை. அதுல ஏறுச்சுன்னா பாக்கலாமுங்க" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை மேட்டுப்பாளையத்தில் ஒரு மின்வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறோம். ஆள் கணக்குக்கு நானும் போகிறேன்.